ஹை-ஹாட் எந்தப் பக்கம்?

டிரம்ஸ் செட்டுக்கு இடது எது, வலது எது? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் முதன்முதலாக ஒரு பாட்டை மிக்ஸ் செய்ய உட்காருகிறவர்கள் பலரும் தடுக்கி விழுவது இந்த வாசற்படியில்தான்.

வலது கைப் பழக்கமுள்ள டிரம்மரின் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் ஹை-ஹாட் இடப்பக்கம். ஸ்னேர் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே. கிக் டிரம் நேர் எதிரே, அதன் தலைமேல் ஒன்றோ இரண்டோ டாம். வலது முழங்கை ஓரமாக ஃப்ளோர் டாம், அதற்குச் சற்று மேலே ரைட் சிம்பல். (இந்த 'ரைட்' சவாரி ரைட், வலது ரைட் அல்ல. தமிழில் எழுதினால் இப்படியொரு தொல்லை.) அரங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் அப்படியே திருப்பிப் போட்ட தோசை. ஹை-ஹாட் வலப்பக்கம், ஃப்ளோர் டாம் இடப்பக்கம்.

இரண்டு பேரும் கேட்பது ஒரே வாசிப்பு. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. 'இயற்கையாக ஒலிக்க வேண்டும்' என்று சொல்லிக்கொண்டு மிக்ஸ் செய்கிறவர், முதலில் யாருடைய காதைக் கடன் வாங்குகிறார் என்று முடிவு செய்தாக வேண்டும். அதை முடிவு செய்யாமல் குமிழைத் திருகுவது, கேமராவை எங்கே வைப்பது என்று தீர்மானிக்காமல் படம் பிடிப்பது மாதிரி.

குமிழ் என்றால் பான் குமிழ். ஒரு ஒலியை இடது ஸ்பீக்கருக்கு எவ்வளவு, வலது ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுக்கிற சமாச்சாரம். (ஆங்கில உச்சரிப்புப்படி 'பேன்' என்று எழுதியிருக்க வேண்டும். தலையில் ஊறுவது நினைவுக்கு வந்து தொலைக்கும் என்பதால் 'பான்'.) 1940-ல் வால்ட் டிஸ்னி 'ஃபேன்டாசியா' படத்துக்காக ஃபேன்டாசவுண்ட் என்ற பல ஸ்பீக்கர் அமைப்பை உருவாக்கியபோது, ஒலியைத் திரையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்த அவருடைய பொறியாளர்கள் இப்படியொரு குமிழைச் செய்தார்கள். அதற்கும் முன்பே, 1931-ல், லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலன் ப்ளூம்லைன் இரண்டு ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு நடுவிலும் ஓரத்திலும் ஒலியை நிற்க வைக்கலாம் என்று காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்கு வந்தது என்னவோ 1958 வாக்கில்தான்.

வந்த புதிதில் பல ஸ்டூடியோக்களில் தொடர்ச்சியாகத் திருகுகிற குமிழே கிடையாது. இடது, நடு, வலது என்று மூன்று நிலை சுவிட்சு. அவ்வளவுதான் வசதி. அதனால்தான் பழைய ஸ்டீரியோ ரெக்கார்டுகளில் விநோதங்கள் நிறைய. பீட்டில்ஸ் 1966-ல் வெளியிட்ட 'ரிவால்வர்' தொகுப்பில் 'டாக்ஸ்மேன்' பாட்டின் அந்தக் காலத்து ஸ்டீரியோ மிக்ஸை ஹெட்போனில் கேட்டால் டிரம்ஸ், பாஸ் கிட்டார் எல்லாம் இடது காதில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு காது பாதிப் பட்டினி. நாலு ட்ராக் டேப்பில் பல வாத்தியங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதிந்துவிட்டதால் பிற்பாடு பிரிக்க வழியில்லை. 2022-ல் அந்தத் தொகுப்பை மறுபடி மிக்ஸ் செய்தபோது கணினியைக் கொண்டு கலந்த ஒலிகளைப் பிரித்தெடுத்துத்தான் டிரம்ஸை அதற்குரிய இடத்துக்குக் கொண்டுவர முடிந்தது.

இன்றைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இலவச மென்பொருளிலேயே ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனி ட்ராக், தனித்தனி பான். வந்த வசதியை எல்லாரும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? முதல் டாமை இடது மூலைக்கு, ஃப்ளோர் டாமை வலது மூலைக்கு, ஹை-ஹாட்டை இன்னொரு மூலைக்கு... ஃபில் வாசிக்கும்போது டாம் ஒலி மண்டைக்குள் பஸ் ஓட்டுகிறது. முதல் தடவை கேட்க ஜோராக இருக்கும். நாலாவது தடவையில், டிரம்மரின் கை இரண்டு ஆள் நீளமா என்று சந்தேகம் வரும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் சங்கதி விளங்கும். ஒரு சாதாரண ஐந்து டிரம் செட்டின் அகலம் சுமாராக 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மொத்த அகலமும் 9 டிகிரிக்கும் குறைவான கோணத்தில் அடங்கிவிடும். கையை நேராக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் முழு செட்டும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். வீட்டில் இரண்டு ஸ்பீக்கரை முறைப்படி, கேட்பவரோடு சேர்த்துச் சமபக்க முக்கோணமாக வைத்தால் அவற்றுக்கு இடையே 60 டிகிரி. ஆக, அரங்கில் முஷ்டிக்குள் அடங்குகிற செட்டை மிக்ஸில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்தால் ஆறேழு மடங்கு பெரிதாக்கியதாகக் கணக்கு. அதற்குப் பெயர் இயற்கை என்றால், சுவர் முழுக்க ஒட்டிய சினிமா போஸ்டரும் பாஸ்போர்ட் போட்டோதான்.

டிரம்மரின் ஸ்டூல் கதை வேறு. ஹை-ஹாட்டிலிருந்து ஃப்ளோர் டாம் வரை நூறு டிகிரியைத் தாண்டும். வாத்தியம் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கிறது. அகலமான மிக்ஸுக்கு நியாயம் தேடுகிறவர்கள் அந்த ஸ்டூலில்தான் தேட வேண்டும்.

ரசிகர் பக்கத்து நியாயத்துக்கு நல்ல உதாரணம் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'. 1959-ல், நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-வது தெரு ஸ்டூடியோவில், மூன்று ட்ராக் டேப்பில் பதிவானது. ஜிம்மி காப் வாசித்த டிரம்ஸ் மொத்தமும் ஒரு பக்கமாக, வலப்புறம் நிற்கும். ஸ்னேர் இங்கே, சிம்பல் அங்கே என்று பரப்பவில்லை. ஒரு அறையில் சிலர் நிற்கிறார்கள், அவர்களில் டிரம்ஸ் வாசிப்பவர் அந்த ஓரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். 'டிரம்ஸ் என்றால் அகலம்' என்று பழகிவிட்ட காதுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் அந்த அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

பின்னே ஏன் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை? கிக் டிரம்தான் காரணம். தாழ்ந்த அதிர்வெண்ணுக்குக் காது திசை கண்டுபிடிப்பது கடினம், ஆனால் அதை உண்டாக்க ஸ்பீக்கருக்கு நிறைய சக்தி வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் பங்கு போட்டுத் தள்ளினால் நல்லது. இசைத்தட்டுக் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இடதுக்கும் வலதுக்கும் மாறுபட்ட கனமான பாஸ் இருந்தால் தட்டின் பள்ளம் மேலும் கீழுமாக வெட்டப்பட்டு ஊசி துள்ளிவிடும். கிக் நடுவில் என்பது அப்படி நிலைத்த வழக்கம். தட்டு போய் சி.டி. வந்தது, சி.டி. போய் போன் வந்தது, வழக்கம் மட்டும் அசையவில்லை. அசைக்க வேண்டியதும் இல்லை. ஸ்டூலிலிருந்து பார்த்தாலும் அரங்கிலிருந்து பார்த்தாலும் கிக் நடுவில்தானே இருக்கிறது.

இதே வழக்கு மிருதங்கத்துக்கும் உண்டு. கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் வழக்கமாகப் பாடகருக்கு வலப்பக்கம், பாடகரைப் பார்த்து உட்காருவார். அவருடைய வலந்தலை சபையைப் பார்த்திருக்கும், தொப்பி மேடையின் பின்பக்கம் திரும்பியிருக்கும். (இடது கைப் பழக்கமுள்ளவர் வாசித்தால் அவரும் வயலின்காரரும் இடம் மாறிக்கொள்வது இதற்காகத்தான்.) அதாவது சபையில் இருப்பவருக்கு மிருதங்கத்தில் இடது வலது என்பதே கிடையாது. முன், பின் மட்டும்தான் உண்டு. அப்படியிருக்க இரண்டு பக்கமும் மைக் வைத்துப் பதிந்துவிட்டு வலந்தலையை ஒரு காதிலும் தொப்பியை இன்னொரு காதிலும் ஊற்றினால் அது யாருடைய கச்சேரி? வாசிப்பவரின் மடிக்கு மேலே மிதக்கிற ஒரு காதுக்குக் கேட்கலாம். சபைக்குக் கேட்காது. கொஞ்சமாகப் பிரித்தால் இரண்டு தலையும் தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. கொஞ்சமாக.

டிரம்ஸுக்குத் திரும்பினால், மிக்ஸ் செய்கிறவருக்கு ஒரு வரைபடம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. செட்டுக்கு மேலே தொங்குகிற இரண்டு ஓவர்ஹெட் மைக்குகள். அவை கேட்டது முழு செட்டையும். எந்த டிரம் எங்கே இருக்கிறது என்பது அவற்றில் பதிந்தே வந்துவிட்டது. பலர் செய்கிற தப்பு, தனி மைக்குகளை எல்லாம் முதலில் பரப்பி வைத்துவிட்டு, ஓவர்ஹெட்டைக் கடைசியில் சிம்பல் சத்தத்துக்காக மட்டும் மசாலாத் தூளாகத் தூவுவது. வரிசையை மாற்ற வேண்டும். ஓவர்ஹெட் இரண்டையும் இரு ஓரங்களுக்குத் தள்ளி, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, கண்ணை மூடிக் கேட்க வேண்டும். ஒரு ஃபில் வரட்டும். முதல் டாம் எங்கே விழுகிறது? நடுவிலிருந்து இம்மி தள்ளியா, பாதி தூரமா? ஃப்ளோர் டாம்? விரலால் காற்றில் குறித்துக்கொண்டு, அப்புறம் அந்தந்த டாம் மைக்கைத் திறந்து, ஒலி துள்ளாமல் அதே இடத்தில் கனம் மட்டும் கூடுகிற வரை குமிழைத் திருப்பினால் போதும்.

எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் கிக் நடு. ஸ்னேர் நடு, அல்லது ஓவர்ஹெட் சொல்கிற பக்கம் ஒரு மயிரிழை. முதல் டாம் இருபது சதவீதம், இரண்டாவது டாம் எதிர்ப்பக்கம் அதே அளவு, ஃப்ளோர் டாம் நாற்பது ஐம்பது. ஆனால் இந்த எண்களைத் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு அலைவதில் பிரயோஜனம் இல்லை. ஓவர்ஹெட் எக்ஸ்-ஒய் முறையில், அதாவது இரண்டு மைக்கின் தலையும் ஒட்டி 90 டிகிரி விரித்து வைக்கப்பட்டிருந்தால் படம் குறுகலாக வரும். இரண்டையும் தள்ளித்தள்ளி வைத்திருந்தால் அகலமாக வரும். படத்துக்கேற்ற சட்டம்.

தனி மைக்கைத் தப்பான பக்கம் வைத்தால் என்ன ஆகும்? ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். டாமுக்கு ஒட்டி வைத்த மைக்குக்கு ஒலி உடனே போய்ச் சேர்கிறது, ஒரு மீட்டர் மேலே இருக்கிற ஓவர்ஹெட்டுக்குப் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட். இவ்வளவு சின்ன இடைவெளியில் இரண்டு ஒலி வந்தால், முதலில் வந்தது எந்தத் திசையோ அந்தத் திசையைத்தான் காது நம்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் விரிவாக அலசிய விஷயம் இது. முந்திக்கொண்டவருக்கே முதல் மரியாதை. அதனால் டாம் மைக் வலப்பக்கமும் ஓவர்ஹெட்டில் அதே டாம் இடப்பக்கமும் இருந்தால், அடி வலப்பக்கம் விழுந்து அதன் அதிர்வு இடப்பக்கமாக வழியும். எங்கேயோ இடிக்கிறது என்று தெரியும், என்ன என்று பிடிபடாது. டாம்கள் டிரம்மரின் பார்வையில், ஓவர்ஹெட் ரசிகரின் பார்வையில்! ஈக்வலைசரை மணிக்கணக்காகத் திருகியும் தெளியாத பல கல்லூரி டெமோக்களின் நோய் இதுதான். ஓவர்ஹெட் இரண்டையும் இடம் மாற்றினால் ஒரு நொடியில் தீரும்.

இதில் கஷ்டப்படுகிற இன்னொரு ஜீவன் உண்டு. வாத்தியார் வைத்துக்கொள்ள வழியில்லாமல், சொந்தமாக செட்டும் இல்லாமல், பாட்டைக் கேட்டுக் கேட்டு தலையணையில் அடித்துப் பழகுகிற பிள்ளைகள். ஒரு ஃபில்லில் எந்தக் கை எங்கே போகிறது என்று அவர்களுக்குச் சொல்வது இந்த இடது வலதுதான். பாட்டு முழுக்க டிரம்மர் பார்வை என்றால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அப்படியே பின்தொடரலாம். முழுக்க ரசிகர் பார்வை என்றால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிக்கொள்ளலாம். ஹை-ஹாட் ஒரு பார்வையிலும் டாம்கள் இன்னொரு பார்வையிலும் இருந்தால் அந்தப் பிள்ளை கையைப் பின்னிக்கொண்டு, தனக்குத்தான் வராது போலிருக்கிறது என்று விட்டுவிடும். மிக்ஸ் செய்தவருக்கு இந்தப் பாவம் தெரியவே தெரியாது.

எந்தப் பார்வை மேல் என்று சண்டை போடுகிறவர்கள் ஓயப்போவதில்லை. வீடியோ இருந்தால் ரசிகர் பார்வை, அதில் பேச்சே இல்லை. திரையில் ஹை-ஹாட் வலப்பக்கம் ஆடும்போது ஒலி இடப்பக்கம் வந்தால் கண்ணும் காதும் அடித்துக்கொள்ளும். வெறும் ஒலி மட்டும் என்றால் டிரம்மர் பார்வையில் குற்றமில்லை. ஹெட்போனில் கேட்டுக்கொண்டே காற்றில் டிரம்ஸ் வாசிக்காதவர் யார்? செட்டே இல்லாமல் கணினியில் டிரம்ஸ் எழுதுகிறவர்களுக்கும் பல மென்பொருள்களில் இந்த இரண்டு பார்வையையும் மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமலே பாட்டை முடித்துவிடுவதுதான் வழக்கம்.

நாலு மைக்குக்கு மேல் கிடைக்காத குழுக்களுக்கு க்ளின் ஜான்ஸின் முறை ஒரு வரப்பிரசாதம். 1968-ல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் லெட் செப்பலினின் முதல் தொகுப்பைப் பதிவு செய்யும்போது தற்செயலாக அமைந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு மைக் செட்டுக்கு மேலே, இன்னொன்று ஃப்ளோர் டாம் பக்கமாக ஸ்னேரைப் பார்த்து. இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரம். கூட கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று. மேலே இருப்பதை ஒரு பக்கமும் ஓரத்தில் இருப்பதை மறுபக்கமும் தள்ளினால் செட் தானாக விரிந்துகொள்கிறது. டாமுக்குத் தனி மைக்கே இல்லை, தப்பாகப் பான் செய்ய வழியும் இல்லை!

அந்த 'ஒரே தூரம்' அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. மைக் ஒயரையோ நூலையோ பிடித்து அளந்தே ஆக வேண்டும். ஸ்னேரிலிருந்து இரண்டு மைக்குக்கும் 17 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அரை மில்லி செகண்ட் தாமதம். இரண்டையும் ஒன்றாகக் கூட்டும்போது 1000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அங்கே பள்ளம் விழும். ஸ்னேர் அட்டைப்பெட்டியாகிவிடும். ஸ்டீரியோவில் கேட்கும்போது இது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஊரில் எத்தனை இடத்தில் ஸ்டீரியோ இருக்கிறது? ஒற்றை ஸ்பீக்கர் போன், ஒற்றை ப்ளூடூத் டப்பா, திருவிழாவில் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எல்லாம் மோனோதான். ஓரத்துக்குத் தள்ளியவற்றுக்கு அங்கே இன்னொரு தண்டனையும் காத்திருக்கிறது. நடுவில் 3 டெசிபல் குறைக்கிற வழக்கமான பான் முறையில், மோனோவாகும்போது நடுவில் இருப்பதோடு ஒப்பிட்டால் முழு ஓரத்தில் இருப்பவை 3 டெசிபல் தாழ்ந்துவிடும். மண்டைக்குள் பஸ் ஓட்டிய டாம்கள் குழாய் ஸ்பீக்கரில் பம்மிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

ஹாஸ்டல் அறையில் ஹெட்போன் மட்டும் வைத்து மிக்ஸ் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, ஸ்பீக்கரில் இடது ஒலி வலது காதுக்கும் கொஞ்சம் போகும், ஹெட்போனில் போகாது. ஸ்பீக்கரில் அறையின் ஓரத்தில் நிற்கிற ஹை-ஹாட் ஹெட்போனில் காதுமடலில் வந்து கொசுவாகக் குடைகிறது. முழு ஓரத்துக்கு அனுப்பாமல் பாதி தூரத்திலேயே நிறுத்திவிட்டால் இரண்டிலும் தப்பிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு, டிரம்ஸ் பதிவிலேயே பிரம்மாண்டம் என்று எல்லாரும் காட்டுகிற ஒன்றில் தனி மைக் பானிங்குக்கு வேலையே இல்லை. லெட் செப்பலின் 1971-ல் வெளியிட்ட 'வென் த லெவி பிரேக்ஸ்'. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் ஜான் பான்ஹாம் வாசிக்க, ஆண்டி ஜான்ஸ் மாடிப்படியின் உயரத்தில் இரண்டே இரண்டு மைக்கை வைத்துப் பதிந்தார். அப்புறம் எதிரொலிக் கருவியும் கம்ப்ரஸரும் சேர்ந்தது உண்மை. ஆனால் அந்த ஆழம் கூடத்திலிருந்து வந்தது. இடது வலது தூரத்தை மட்டுமே காட்டும் பான் குமிழால் முன் பின் தூரத்தைக் காட்ட முடியாது. அறையின் நாலாவது மூலையில் மிச்சமிருக்கிற ஒரு மைக்கைப் போட்டுவைத்தால் அது செய்கிற வேலை, டாம்களை எத்தனை டிகிரி தள்ளினாலும் கிடைக்காது.

ஹை-ஹாட்டுக்கென்று தனியாக மைக் வைத்திருந்தால் அதைக் கடைசியில் திறப்பது உத்தமம். ஓவர்ஹெட்டிலும், ஸ்னேர் மைக்கில் கசிந்தும் அது ஏற்கெனவே தாராளமாக வந்திருக்கும். மற்றதெல்லாம் உட்கார்ந்த பிறகு அந்த மைக்கை ஒருமுறை ஏற்றி, ஒருமுறை மூடிப் பார்த்தால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. அப்போது மூடியே வைத்துவிடலாம்.